பெர்லில் வார்சார் கிளாஸ்: வேலையைக் கூட்டிக்கொள்ள ஒரு கையேடு

பெர்லில் ஒரு ஸ்ட்ரிங் வேண்டுமானால் டாலர் குறி போட்டு ஒரு பெயர் எழுதுங்கள், சமக்குறி போடுங்கள், மேற்கோளுக்குள் எதையாவது நிரப்புங்கள். தீர்ந்தது வேலை. மூன்று எழுத்து போட்டாலும் கொள்ளும், ஒரு கோப்பு முழுவதையும் கொட்டினாலும் கொள்ளும். சேர்த்தால் நீளும், வெட்டினால் குறுகும். இடத்தை யார் ஒதுக்கினார்கள், யார் திருப்பி வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். 1987 டிசம்பரில் லாரி வால் முதல் பதிப்பை வெளியிட்ட காலத்திலிருந்து இப்படித்தான்.

இந்தச் சௌகரியம் சிலருக்கு உறுத்துகிறது. ஒரு வேலை இவ்வளவு சுலபமாக முடிந்தால் சம்பளம் வாங்கக் கூச்சமாக இருக்காதா? அவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. இதைக் கடைசிவரை பின்பற்றினால் உங்களிடம் வார்சார் என்றொரு கிளாஸ் இருக்கும். தானாகவே நீளும் ஒன்றை அது நீளச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. எலாஸ்டிக் வைத்த கால்சட்டைக்கு பெல்ட் மாட்டுகிறீர்களே என்று யாராவது கேட்டால், பெல்ட் இருந்தால்தான் ஆபீசுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒரு காரணம் வேண்டும். மீட்டிங்கில் கேட்பார்கள். "டேட்டாபேஸில் வார்சார் இருக்கிறது, கோடில் இல்லை, இரண்டும் பொருந்த வேண்டாமா?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். 'பொருந்த வேண்டும்' என்ற சொல்லை மறுத்துப் பேச ஆள் கிடையாது. பெர்லின் உள்ளே ஒவ்வொரு ஸ்ட்ரிங்கோடும் இப்போதைய நீளம் ஒன்று, ஒதுக்கிய இடம் ஒன்று என இரண்டு எண்கள் ஏற்கெனவே கணக்கில் இருக்கின்றன. டெவல் பீக் மாட்யூலைக் கூப்பிட்டு டம்ப் செய்தால் கர், லென் என்று இரண்டையும் காட்டும். மீட்டிங்கில் இருக்கும் பழைய ஆள் ஒருவருக்கு இது தெரிந்திருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது பெயர். சும்மா வார்சார் என்று வைத்தால் மதிப்பில்லை. பெர்ல் உலகத்தில் ஒரு கிளாஸின் கௌரவம் அதன் பெயரில் எத்தனை இரட்டைப் புள்ளிகள் என்பதில் இருக்கிறது. ஜான் சிரகூசா எழுதிய ரோஸ் தொகுப்பில் வார்சாருக்கென்றே ஒரு கிளாஸ் உண்டு. ரோஸ், டிபி, ஆப்ஜெக்ட், மெட்டாடேட்டா, காலம், வார்சார் என்று ஆறு படி இறங்கித்தான் அதை அடைய வேண்டும். அங்கே அந்த ஆறுக்கும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அது ஒரு டேபிளின் ஒரு காலத்தை, அதாவது நெடுவரிசையை, வர்ணிக்கும் கிளாஸ், மதிப்பைச் சுமக்கும் கிளாஸ் அல்ல. இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனிக்காதீர்கள். ஆறு படி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னால் கம்பெனி பெயரையும் சேர்த்து ஏழாக்கிவிடுங்கள்.

இனி கன்ஸ்ட்ரக்டர். 1994 அக்டோபரில் வந்த பெர்ல் 5-தான் ஆப்ஜெக்ட் என்ற சமாச்சாரத்தை உள்ளே கொண்டுவந்தது. அதையும் மிகச் சிக்கனமாகச் செய்தார்கள்: ஒரு ஹேஷை எடுத்து, பிளெஸ் என்ற கட்டளையால் அதன்மேல் ஒரு பேக்கேஜின் பெயரை ஒட்டினால் அது ஆப்ஜெக்ட். இந்தச் சிக்கனத்தை ஈடுகட்ட, நியூ மெத்தடின் முதல் வரியில் "ரெஃப் கிளாஸ், அல்லது கிளாஸ்" என்ற மந்திரத்தை எழுதுங்கள். கிளாஸின் பெயருக்குப் பதிலாக ஒரு ஆப்ஜெக்டின் மீது நியூவைக் கூப்பிட்டாலும் வேலை செய்யட்டும் என்பதற்காகப் பழைய பாடங்களில் இருந்த வரி அது. உங்கள் கோடில் யாரும் அப்படிக் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் ரிவ்யூவில் இப்படித்தான் நடக்கும்:

"அண்ணா, இந்த வரி எதுக்கு?"

"அது இருக்கணும்டா."

"எடுத்துட்டா என்ன ஆகும்?"

"எடுத்துப் பாத்தவன் யாரும் சொல்லல."

உள்ளே இருக்கும் மதிப்பைப் பாதுகாக்க வேண்டும் என்று யாராவது கவலைப்பட்டால், அவர்களை நாகரிகங்களின் வரிசையில் அலையவிடலாம். ஹேஷுக்குள் வைத்தால் வெளியிலிருந்து யாரும் கைவிட்டுத் துழாவலாம். டேமியன் கான்வே 2005-இல் தம் புத்தகத்தில் சிபாரிசு செய்த இன்சைட்-அவுட் முறையில் எழுதினால் துழாவ முடியாது. உங்களுக்கே எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. 2006-இல் மூஸ் வந்தது. எழுதச் சுகம், ஸ்கிரிப்ட் கிளம்பத்தான் சற்று நேரம் பிடிக்கும். அதை இளைக்க வைத்து மூ வந்தது. 2023-இல் வந்த 5.38 பதிப்பில் கிளாஸ், ஃபீல்ட், மெத்தட் என்ற சொற்கள் மொழிக்குள்ளேயே நுழைந்துவிட்டன, சோதனை முயற்சி என்ற முத்திரையோடு. எதை வேண்டுமானாலும் எடுங்கள். அடுத்து வருபவர் இன்னொன்றில் மாற்றி எழுதுவார், அவருக்கும் வேலை வேண்டுமல்லவா.

கிளாஸ் தயார். பிரின்ட் செய்து பாருங்கள். உள்ளே வைத்த மதிப்பு வராது. கிளாஸின் பெயர், சமக்குறி, ஹேஷ், அடைப்புக்குறிக்குள் பதினாறடிமான எண்ணில் ஒரு நினைவக முகவரி என்று வரும். இது பிழை அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் பெர்லுக்குச் சொல்லவில்லை, அது தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. இதில் ஒரு விசேஷம். கிளாஸுக்கு வெறுமனே வார்சார் என்று பெயரிட்டிருந்தால், 64 பிட் லினக்ஸ் கணினியில் இந்த வரி பெரும்பாலும் 28 எழுத்து வரும். காலத்தின் அளவு 30 என்றால் வரம்புச் சோதனையில் அழகாகத் தேறி டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதக் கடைசியில் வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் "அன்புள்ள வார்சார் சமம் ஹேஷ்" என்று இருக்கும்வரை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இதைச் சரிசெய்ய ஓவர்லோட் என்ற வசதி இருக்கிறது. இங்கேதான் கையேட்டின் சுவையான பகுதி ஆரம்பம்.

இரட்டை மேற்கோளை மட்டும் ஓவர்லோட் செய்தால், ஸ்ட்ரிங்காகத் தேவைப்படும் இடத்திலெல்லாம் பெர்ல் உங்கள் மெத்தடைக் கூப்பிட்டு மதிப்பை வாங்கிக்கொள்ளும். ஒப்பிடுவது, ஒட்டுவது எல்லாம் அதை வைத்தே நடந்துவிடும். பார்க்க வெற்றி போலிருக்கும். ஆனால் ஒட்டிய பிறகு கிடைப்பது வெறும் ஸ்ட்ரிங். பத்து எழுத்து வரம்போடு பிறந்த பெயரின் பின்னால் ஒரு புள்ளியைச் சேர்த்தால் வரம்பும் போச்சு, கிளாஸும் போச்சு. அதே வேரியபிள்மீது தேடி-மாற்றும் கட்டளையை ஏவி அது ஒரு இடத்தில் பொருந்திவிட்டால், ஆப்ஜெக்ட் இருந்த இடத்தில் சாதாரண ஸ்ட்ரிங் உட்கார்ந்திருக்கும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். நீங்கள் மூன்று வாரம் கட்டிய கிளாஸ் ஒரு சாய்கோட்டில் கரைந்துவிடும்.

அப்படியானால் புள்ளியையும் ஓவர்லோட் செய்யலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டும், அதற்காகத்தானே இந்தக் கையேடு. புள்ளிக்கான மெத்தடுக்கு பெர்ல் மூன்று விஷயங்களைத் தரும்: ஆப்ஜெக்ட், மற்றது, இடம் மாறியிருக்கிறதா என்ற குறிப்பு. மூன்றாவதைப் படிக்காதீர்கள். படிக்காவிட்டால் "திரு." என்பதை முருகனுக்கு முன்னால் ஒட்டச் சொன்னால் "முருகன்திரு." என்று வரும். மரியாதை கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

மூன்றாவதையும் படித்துச் சரியாக எழுதிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஒட்டினால் கிடைப்பதும் வார்சார், அதே பத்து எழுத்து வரம்போடு. மேற்கோளுக்குள் ஒரு வேரியபிளை நுழைத்து எழுதுவதும் உள்ளே ஒட்டும் வேலைதான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. ஆகவே "வணக்கம் முருகன், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்று மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதினால், பெர்லின் கணக்கில் வணக்கத்துக்கு ஏழு (ஏன் என்பது பின்னால் வரும்), இடைவெளிக்கு ஒன்று, மீதி இரண்டு. முருகனுக்கு வரும் கடிதம் இப்படி இருக்கும்:

வணக்கம் மு

அவ்வளவுதான் கடிதம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்று அவர் போன் செய்து கேட்டுக்கொள்ளட்டும். வரம்பு மீறினால் வெட்டாமல் டை கட்டளையால் நிறுத்துகிறவர்களுக்கு இன்னும் நல்ல காட்சி கிடைக்கும்: "இந்தப் பெயர் மிக நீளம்" என்ற பிழைச் செய்திக்குள் அந்த ஆப்ஜெக்டையே நுழைத்திருந்தால், செய்தியே வரம்பை மீறும், அதற்கு ஒரு பிழைச் செய்தி தயாராகும், அதுவும் மீறும். நினைவகம் தீரும்வரை பெர்ல் பொறுமையாகப் புகார் எழுதிக்கொண்டே இருக்கும்.

சமக்குறியையும் ஓவர்லோட் செய்யலாம் என்று ஆவணத்தில் பார்த்துவிட்டு ஓடிவருபவர்கள் உண்டு. ஒரு மதிப்பைப் போடும்போது தடுத்துச் சோதிக்கலாம் என்ற நம்பிக்கையில். அந்தச் சமக்குறி பிரதி எடுப்பதற்கானது. மதிப்பிடுவதை அது தடுக்காது. பெர்லில் ஒரு வேரியபிளுக்குப் புது மதிப்பு கொடுத்தால், உள்ளே இருந்த ஆப்ஜெக்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிடும். மதிப்பிடுவதைக் குறுக்கே நின்று பிடிக்க வேண்டுமானால் டை இருக்கிறது. செயலைக் கொல்லும் டை வேறு, கட்டிப்போடும் டை வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது டையால் வேரியபிளைக் கட்டினால், எழுதும்போது ஸ்டோர், படிக்கும்போது ஃபெட்ச் என்று உங்கள் மெத்தடுகள் ஓடும். நிஜமாகவே வேலை செய்கிறதே என்று மகிழ்ந்துபோவீர்கள். அந்த வேரியபிளை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, ஃபங்ஷன் அதை முதல் வரியில் தன் சொந்த வேரியபிளுக்குப் பிரதி எடுக்கும்வரை. பிரதிக்குக் கட்டு கிடையாது. பெர்லில் எழுதப்பட்ட ஃபங்ஷன்களில் பெரும்பாலானவற்றின் முதல் வரி அந்தப் பிரதிதான்.

பூஜ்யத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டரில் மதிப்பை வாங்கும்போது "வந்ததைப் போடு, இல்லாவிட்டால் காலி ஸ்ட்ரிங்" என்பதை இரட்டைக் கோட்டால் எழுதுங்கள். பெர்லுக்கு காலி ஸ்ட்ரிங்கும் பொய், பூஜ்யம் என்ற ஒற்றை எழுத்தும் பொய். வீட்டு எண் 0 என்று போட்டவரின் முகவரி காலியாகும். 00 என்று போட்டவருக்கு ஒன்றும் ஆகாது, அது மெய். இதற்கென்றே 2007-இல் 5.10 பதிப்பில் இரட்டைச் சாய்கோடு வந்தது. அது மதிப்பு உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும். அதைப் பயன்படுத்தினால் பிழை போய்விடும், பேச்சும் போய்விடும். ஆரக்கிள் டேட்டாபேஸோடு வேலை செய்கிறவர்களுக்குக் கூடுதல் வசதி: அங்கே காலி ஸ்ட்ரிங்கும் நல்லும் ஒன்றுதான். நீங்கள் கிளாஸில் எவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்தாலும் அது சேர்த்துவிடும்.

இப்போது நீளம். வார்சார் என்றால் ஒரு எண் வரை என்று பொருள், ஆகவே எண்ண வேண்டும். எண்ணுவதில் என்ன இருக்கிறது, லெங்த் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு மதிய சாப்பாட்டுக்குப் போய்விடுவது வழக்கம். சோதனைக்கு ஆங்கிலத்தில் ஹலோ என்று கொடுத்தால் ஐந்து என்று வரும். டெஸ்ட் பாஸ்.

திருநாவுக்கரசு என்று கொடுத்துப் பாருங்கள். கோடின் தலையில் யூஸ் யூடிஎஃப்8 என்ற வரி இல்லையென்றால் லெங்த் 42 என்று சொல்லும். வரியைச் சேர்த்தால் 14. பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எண்ணச் சொன்னால் தி, ரு, நா, வு, க், க, ர, சு என்று விரல்விட்டு 8 என்று சொல்லும். மூன்றும் சரி. 42 என்பது பைட்; யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யூடிஎஃப்-8 மூன்று பைட் எடுக்கும். 14 என்பது குறிகளின் எண்ணிக்கை. தகரத்துக்கு ஒன்று, அதன்மேல் வரும் இகரக் குறிக்கு ஒன்று, மெய்யின் புள்ளிக்கு ஒன்று. 8 என்பதுதான் எழுத்து. அதை பெர்லிடமிருந்து வாங்க வேண்டுமானால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடு எக்ஸ் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ண வேண்டும். லெங்த் அதைச் செய்யாது.

உங்கள் கிளாஸின் வரம்பு 10 என்றால் இந்தப் பெயர் உள்ளே வரலாமா? எழுத்தால் எண்ணினால் தாராளமாக வரலாம். குறியால் எண்ணி வெட்டினால் "திருநாவுக்" என்று நிற்கும். பைட்டால் வெட்டினால் "திர" என்று இரண்டு எழுத்தும், அதற்குப் பின்னால் உகரக் குறியின் மூன்று பைட்டில் முதல் பைட் மட்டும் தனியாகவும் கிடக்கும். திரையில் அது கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாகத் தெரியும். இந்த வழிகாட்டியின் ஆலோசனை: எதை எண்ணுகிறோம் என்று ஆவணத்தில் எழுதாதீர்கள். "நீளம்" என்று மட்டும் எழுதுங்கள்.

டேட்டாபேஸ் வேறு கணக்கு வைத்திருக்கும் என்பது இதில் போனஸ். ஆரக்கிளில் வார்சார்2 என்று போட்டு அடைப்புக்குள் 10 என்று எழுதினால், நீங்கள் வேறு ஏதும் சொல்லாதவரை வழக்கமாக அது பத்து பைட். மூன்று தமிழ்க் குறிகள், மீதி ஒரு பைட். மையெஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் அது பத்துக் குறி. மையெஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்று வெகுகாலம் அழைக்கப்பட்டது ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழ் அதில் அடங்கிவிடும், பெயருக்குப் பக்கத்தில் யாராவது ஒரு சிரிக்கும் முகம் போட்டால்தான் நான்காவது பைட் கேட்டு விழிக்கும். எழுத்தைக் கணக்கில் எடுக்கும் டேட்டாபேஸ் இந்த மூன்றில் ஒன்றுமில்லை.

இத்தனையும் போதாதென்று 'கொ' இருக்கிறது. யூனிகோடில் அதை ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியில் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் தெரியாது. பெர்லின் ஒப்பீட்டுக்கு அவை இரண்டு வேறு ஸ்ட்ரிங்குகள், நீளமும் வேறு. ஒரே கொற்றவை இரண்டு முறை பதிவாகலாம், அல்லது இரண்டாவது முறை வரம்பு மீறியதாகத் திருப்பி அனுப்பப்படலாம். யூனிகோட் நார்மலைஸ் என்ற மாட்யூல் 5.8 பதிப்பிலிருந்து பெர்லோடு கூடவே வருகிறது, என்எஃப்சி என்று ஒரு முறை கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு சௌந்தர்களை எழுதுகிறவர்களை மட்டும் அதுவும் காப்பாற்றாது. அது கண்ணுக்குத்தான் ஒன்று, யூனிகோடுக்கு வேறு சொல்.

ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு தடவை என்கோட் செய்வதும் சிறப்பு. வாசலில் ஒருவர் என்கோட் செய்வார், டேட்டாபேஸ் டிரைவர் இன்னொரு தடவை செய்யும். திருநாவுக்கரசு 42-லிருந்து 84 ஆவார். திரையில் தலைக்குமேல் சாய்கோடு வைத்த ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று வரிசையாக வரும். தமிழ்த் தரவோடு வேலை செய்தவர்கள் இந்த முகத்தைப் பார்த்தவுடன் பெருமூச்சு விடுவார்கள். இதைப் பார்த்தும் "ஃபாண்ட் பிரச்சினை" என்று சொல்லி டிக்கெட்டை மூடுகிறவருக்கு பதவி உயர்வு நிச்சயம்.

வரம்பு எவ்வளவு வைக்கலாம்? 255. ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு பைட்டில் எழுதக்கூடிய பெரிய எண் அது, மையெஸ்க்யூஎல்லில் 5.0.3-க்கு முன்னால் வார்சாரின் உச்சமும் அதுதான். அந்தத் தடை நீங்கி இருபது வருஷம் ஆகிவிட்டது, ஆனால் பெயருக்கு 255, ஊருக்கு 255, ஆம்-இல்லை என்ற பதிலுக்கும் 255. சில இடங்களில் 191 என்ற விநோத எண்ணைப் பார்ப்பீர்கள். பழைய இன்னோடிபியில் ஒரு இன்டெக்ஸ் 767 பைட்டுக்கு மேல் தாங்காது. ஒரு குறிக்கு நான்கு பைட் என்றால் 191-தான் அடங்கும். அதை எழுதியவர் குறைந்தபட்சம் ஒரு வகுத்தல் கணக்காவது போட்டிருக்கிறார், வாழ்க.

வரம்பு மீறினால் என்ன செய்வது? நிஜத்தைச் சொன்னால், வார்சார் கிளாஸ் என்று ஒன்று இருப்பதற்கே இந்த ஒரு கேள்விதான் காரணம். மற்றதெல்லாம் பெர்ல் ஏற்கெனவே செய்கிறது. ஆகவே இந்தக் கேள்வியைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள், ரிலீஸுக்கு முந்தின சாயங்காலம் எடுங்கள். மேலே சொன்ன ரோஸ் கிளாஸில் ஓவர்ஃப்ளோ என்று ஒரு அமைப்பு இருக்கிறது: பிழை எறிந்து நிறுத்து, வெட்டு, எச்சரித்துவிட்டுப் போ என்று மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். யாராவது ஒருவர் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்த வழியைத் தவிர்த்துவிடலாம். டிபிஐஎக்ஸ் கிளாஸ் என்ற தொகுப்பில் காலத்துக்கு அளவு என்று எழுதுகிறோமே, அது டேபிளை உருவாக்க மட்டும் பயன்படும், மதிப்பைச் சோதிக்காது. சோதிக்கிறது என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். நீங்களும் தூங்கலாம்.

எல்லாவற்றிலும் நல்லது, சத்தமில்லாமல் வெட்டுவது. மையெஸ்க்யூஎல் வெகுகாலம் அப்படித்தான் செய்தது: நீண்டால் வெட்டிவிட்டு, யாரும் படிக்காத ஒரு எச்சரிக்கையை மூலையில் எழுதி வைக்கும். 2015-இல் 5.7 பதிப்பில் கண்டிப்பு முறையை இயல்பாக்கி அந்த ஆனந்தத்தைக் கெடுத்தார்கள். உங்கள் கிளாஸ் முன்கூட்டியே வெட்டி அனுப்பினால் டேட்டாபேஸ் குறை சொல்ல வழியே இல்லை. பிழை பதிவேடு சுத்தமாக இருக்கும். டேஷ்போர்டு பச்சையாக இருக்கும். விண்ணப்பித்தவரின் தகப்பனார் பெயர் பாதியில் நிற்கும், அதைச் சரிசெய்ய அவர் எந்த கவுன்டரில் எத்தனை நேரம் நிற்கிறார் என்பது டேஷ்போர்டில் வராது.

இதுவரை வந்தவர்கள் கையேட்டை மூடிவிட்டுப் பிழைக்கலாம். உண்மையாகவே வேலை ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் மீதி. தரவு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு தடவை டீகோட் செய்யுங்கள், என்எஃப்சி ஆக்குங்கள். டேட்டாபேஸ் எதை எண்ணுகிறதோ அதையே எண்ணுங்கள்: பைட் என்றால் என்கோட் செய்து எண்ணுங்கள், குறி என்றால் லெங்த் போதும். மீறினால் எந்தக் கட்டம், எவ்வளவு வரம்பு, வந்தது எவ்வளவு என்று சொல்லி நிறுத்துங்கள், வெட்டாதீர்கள். பத்து வரியில் ஒரு சாதாரண ஃபங்ஷன். மூஸ் வைத்திருந்தால் ஸ்ட்ரிங் வகையின் கீழ் ஒரு துணை வகை, ஒரே நிபந்தனை. போஸ்ட்கிரெஸ் என்றால் டெக்ஸ்ட் என்று போட்டாலும் வேகத்தில் வித்தியாசம் இல்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது, வரம்புக்கு வேறு காரணம் இருந்தால் மட்டும் வையுங்கள். ஓவர்லோட் வேண்டாம், டை இரண்டாவது வகையும் வேண்டாம், ஏழு படிப் பெயரும் வேண்டாம்.

அதையும் செய்ய நேரமில்லை என்றால், இன்றைக்கு ஒரு வேலையாவது செய்யுங்கள். உங்கள் டேபிளில் பெயர் என்ற காலத்துக்கு எதிரே இருக்கும் எண், பைட்டா குறியா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, ஆபீசில் இருப்பதிலேயே நீளமான பெயர் கொண்டவரை அழைத்து, அவர் பெயரைத் தமிழில் முழுதாக, இனிஷியலை விரித்து, அந்தக் கட்டத்தில் டைப் செய்யச் சொல்லுங்கள்.